மேலே போனதும்

கழிப்பறைக் கழிவுத் தொட்டியை வீட்டு வண்டியின் அடியிலிருந்து இழுத்தெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குழியில் கவிழ்த்தபோது அந்தச் சிரிப்புச் சத்தம் மறுபடியும் கேட்டது. உள்ளே இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று அவர் மனைவியின் சிரிப்பு, நோயில் கரகரத்துப்போய் பாதியிலேயே இருமலாக மாறிவிடுவது. மற்றது கொழுந்தியாளுடையது. கொழுந்தியாளின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டால் நியாயமான பதில் கிடைக்காது.

தொட்டியை அலசி, மருந்து ஊற்றி, இருந்த இடத்திலேயே தள்ளிப் பூட்டினார். குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அப்புறம் போய்க் கதவைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன விஷயம்? சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

"ஒண்ணுமில்ல மாமா. பழைய கதை" என்றாள் கொழுந்தியாள்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. பழைய கதையாமே, அந்தப் பழைய கதை நடந்த வீட்டில்தானே நானும் இருந்தேன், எனக்குத் தெரியாமல் அப்படி என்ன கதை என்று அவருக்குள் புகைந்தது. வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை.

அவர் தரைக்கு ஓடு பதிக்கிற மேஸ்திரி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், பணக்கார வீட்டுச் சமையலறை என்று ஆயுசெல்லாம் அடுத்தவர் தரையில் மண்டியிட்டே கழித்தவர். மலையில் இலையுதிர்கிற காலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனைவி கல்யாணமான புதிதில் கேட்டாள். இந்த வேலை முடியட்டும் என்றார். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றது. முழங்கால் தேய்ந்து அவர் வேலையை விட்டபோது மனைவி படுத்துவிட்டாள். இனி எங்களால் ஆகிறது ஒன்றும் இல்லை, ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே போய் இந்த வீட்டு வண்டியை வாடகைக்குப் பேசிவிட்டு வந்தார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்தன. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம் என்று வண்டியை வாடகைக்கு விடுகிறவன் சொன்னான். அந்த "இரண்டு பேர்" என்ற சொல்லுக்காகவே அவர் பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவியின் முகம் மலர்ந்தது. அடுத்த வார்த்தையே, "வாலையும் கூட்டிட்டுப் போலாங்க" என்பதுதான்.

வால் என்பது கொழுந்தியாளுக்கு அக்கா வைத்த பெயர். தாய் தகப்பன் இல்லாமல், கல்யாணத்துக்கு வந்த கட்டிலோடும் பீரோவோடும் சேர்ந்து அவர் வீட்டுக்கு வந்தவள். அப்போது சின்னப் பெண். இருட்டென்றால் பயம் என்று சொல்லிப் புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்வாள். இன்றைக்குத் தலை நரைத்து, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி, தனி வீடு பிடித்துக் குடியிருந்தாலும், பொழுது விடிந்தால் அக்காவின் சமையலறையில்தான் நிற்பாள். அவர் வெளியே யாரிடமும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. அனாதைப் பெண்ணைப் பார்த்து ஒரு ஆம்பளை பொறாமைப்படுகிறான் என்றால் ஊர் காறித் துப்பும்.

இப்போதும் மறுக்க வழியில்லை. எந்த மருந்து எத்தனை சொட்டு என்பது வாலுக்குத்தான் தெரியும். மனைவியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் அவளுக்குத்தான் கை வரும். ஆக மூன்று பேராகக் கிளம்பினார்கள்.

கிளம்பின பிறகுதான் அவருக்கு உறைத்தது. வண்டி என்றால் ஒருவர் ஓட்டித்தான் ஆக வேண்டும், ஓட்டுகிறவர் முன்னால்தான் உட்கார வேண்டும். "நான் ஓட்டுறேன் மாமா, நீங்க அக்காகிட்ட இருங்க" என்று வால் முதல் நாளே கை நீட்டினாள். "இது பெரிய வண்டி, உனக்குப் பழக்கமில்ல" என்றார். தினமும் இதைவிட இரண்டு மடங்கு நீளமான பஸ்ஸை ஓட்டுகிறவளிடம் அப்படிச் சொன்னார். அவள் பின்னால் போய்விட்டாள். இந்த மலையை மனைவிக்குக் காட்டப்போகிறவர் தான்தான், அதில் இன்னொருத்தி பங்குக்கு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் கட்டிலோரத்தைப் பறிகொடுத்துவிட்டார். கவனித்தபோது ரொம்பத் தூரம் வந்தாகிவிட்டது, இனிமேல் கேட்டால் கௌரவக் குறைச்சல்.

பகலெல்லாம் பின்னாலிருந்து குசுகுசுப்பும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருக்கும். ராத்திரியில் மருந்து கொடுக்க வசதியாக வால் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அவருக்கு டிரைவர் இருக்கைக்கு மேலே உள்ள பரண். புரண்டால் மூக்கு கூரையில் இடிக்கும்.

அவர் கைக்கென்று ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. வண்டி எங்கே நின்றாலும், ஓட்டு வேலைக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார், அதைத் தரையில் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கடியில் கட்டை கொடுத்து, வண்டியை முன்னே பின்னே நகர்த்தி, மறுபடியும் பார்ப்பார். படுத்திருப்பவளுக்குத் தலைப்பக்கம் தாழ்ந்தால் மூச்சு முட்டும் என்பது அவர் வாதம். "உன் வீட்டுக்காரர் அளக்க ஆரம்பிச்சிட்டார்க்கா, இனி டீ அடுத்த வருஷம்தான்" என்பாள் வால். மனைவி சிரிப்பாள். மனைவி தானாகவே கேலி பண்ணியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

தொட்டியைக் கழுவின அன்றைக்குக் காலையில் அவர் சூப்பை ஆறவைத்து எடுத்துக்கொண்டு போனார். "அப்புறம் குடிக்கிறேங்க" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அதே கிண்ணத்திலிருந்து வால் ஊட்ட, மனைவி ஒவ்வொரு கரண்டியாக வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஏன், என் கையில என்ன விஷமா இருக்கு?"

"ஐயோ, அப்ப குமட்டுச்சுங்க. இப்ப பரவால்ல" என்றாள் மனைவி.

வால் கரண்டியை அவரிடம் நீட்டினாள். "நீங்க குடுங்க மாமா."

"வேணாம். நீயே குடு" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் வந்தது. படுக்கை விரிப்புகள் எல்லாம் நனைந்திருந்தன, மாற்றுவதற்கு வேறு இல்லை, துவைத்தே ஆக வேண்டும் என்றாள் வால். தெருமுனையில் காசு போட்டால் துணி துவைக்கிற கடை ஒன்று இருந்தது. அதன் வாசலில் நிறுத்தியபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது.

"நீ துவைச்சுக் காயவச்சு எடுத்துட்டு இரு. நாங்க டீசல் போட்டுட்டு, தண்ணி ரொப்பிட்டு வந்துடுறோம்."

"மத்தியானம் மருந்து குடுக்கணும் மாமா. அதுக்குள்ள வந்துடுங்க."

"வராம எங்க போறோம்?"

வால் குனிந்து அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

டீசல் முக்கால் தொட்டிக்கு மேல் இருந்தது. தண்ணீர் காலையில்தான் பிடித்தது. அவர் செல்போனை அணைத்து இருக்கைக்கடியில் போட்டார். பங்க்கைத் தாண்டி மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினார். பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்துவிட்டு வந்தவன் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. நன்றாகவும் இருந்தது.

இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நின்றன. காற்று அடித்தபோதெல்லாம் இலைகள் வந்து கண்ணாடியில் ஒட்டிப் பறந்தன.

"வால் எங்கங்க?" பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

கேட்கமாட்டாளா, முதலில் அவளைத்தானே கேட்பாள் என்று நினைத்துக்கொண்டார். "துணி துவைக்கிறா. நாம மட்டும் மேல போய்ப் பாத்துட்டு வரலாம். மேல சமமா இடம் இருக்காம், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம்."



"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

"அவ தேடுவாளேங்க."

"தேடட்டும்."

பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. அவர் ஒருவருக்காக மட்டும் சிரித்த சிரிப்பு. "தலை நரைச்சாச்சு, இன்னும் திருந்தல நீங்க" என்றாள். அவருக்கு அந்த நிமிஷம் இருபத்தைந்து வயசு ஆகிவிட்டது. வண்டியின் வேகத்தைக் குறைத்து, வளைவுகளில் அவள் உருண்டுவிடாதபடி பூப்போல ஓட்டினார்.

பாதை குறுகியது. பின்னால் இரண்டு கார்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. ஒதுங்கி வழிவிடக்கூட இடமில்லை. எஞ்சின் முக்கி முக்கி ஏறியது.

"என்னங்க."

"சொல்லும்மா."

அவள் ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் குரல் மட்டும்தான் வந்தது, வார்த்தை வரவில்லை.

"கேக்கல. இரு, மேல போனதும் பேசலாம். நானே பக்கத்துல வந்து உக்காந்துக்குறேன்."

இன்னும் இரண்டு வளைவுகள் தாண்டியிருக்கும்.

"என்னங்க."

"இதோ வந்துட்டோம். மேல போனதும்."

அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். தூங்கட்டும், எழுந்ததும் கதவைத் திறந்துவிட்டுப் பள்ளத்தாக்கைக் காட்டலாம், என்ன பழைய கதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

மேலே நிஜமாகவே அகலமான இடம் இருந்தது. வண்டியை நிறுத்தினார். ஆனால் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ரசமட்டத்தை எடுத்து அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. அவள் எழுந்திருக்கும்போது தலைப்பக்கம் தாழ்ந்திருக்கக் கூடாது. சத்தம் போடாமல் இறங்கினார். பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தார். ஏறி, வண்டியை ஒரு முழம் நகர்த்தி, மறுபடி பார்த்தார். பற்றவில்லை. இன்னொரு கட்டையும் கொடுத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். இரண்டு கோப்பைதான். மூன்றாவது கோப்பை அலமாரியிலேயே இருப்பதைப் பார்க்க அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

அவள் கண் பாதி திறந்திருந்தது. ஒரு கை போர்வைக்கு வெளியே வந்து, கட்டில் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தது. அவர் கோப்பைகளைத் தரையில் வைத்தார். கையைத் தொட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோளைப் பிடித்து அசைத்தார். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் சும்மா உட்கார்ந்தார்.

முதலில் அவருக்கு வந்தது அழுகை இல்லை. வாலுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் வந்தது.

செல்போனை எடுத்து உயிர்ப்பித்தார். வால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். அவர் கூப்பிட்டதும், முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"மாமா! எங்க போனீங்க? பங்க்ல பாத்தேன், அந்தப் பக்கம் பாத்தேன்... அக்கா எப்படி இருக்கா?"

"மேல இருக்கோம். வந்துடு."

"அக்காகிட்ட குடுங்க."

அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் துணி காயவைக்கிற இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு போன் அணைந்தது.

வால் ரொட்டிக் கடை வேன் ஒன்றில் வந்து இறங்கினாள். மலை மேல் விடுதிக்கு ரொட்டி கொண்டுபோகிற பெண் வழியில் ஏற்றி வந்திருந்தாள். வாலின் மார்போடு மடித்த விரிப்புகள் இருந்தன. படியேறி, அவரைத் தாண்டி நேரே உள்ளே போனாள். விரிப்புகளைக் கீழே வைக்காமலே அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் கண்ணை மூடிவிட்டு, வெளியே நீண்டிருந்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். சத்தமில்லாமல் அழுதாள். அவர் கதவோரத்திலேயே நின்றார். இப்போதும் தன் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ரொட்டிக்காரப் பெண் கீழே மருத்துவமனைக்குப் போன் பண்ணினாள். "ஆம்புலன்ஸ் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகுமாம். உங்க வண்டியிலயே கட்டில் இருக்குல்ல, மெதுவா எடுத்துட்டு வரச் சொல்றாங்க" என்றாள். ஏதாவது சாப்பிடுங்கள் என்று ஒரு பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சொல்லியிருந்தா நானே இறங்கியிருப்பேனே மாமா. ஒரு நாள் என்ன, நாலு நாள்கூட அந்த ஊர்லயே இருந்திருப்பேன்."

"ம்."

"சின்னதுலேர்ந்து உங்களப் பாத்தா எனக்கு எரியும். உங்க நடுவுல படுக்கிறத நிறுத்தினப்புறம், ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பேசுவீங்க. நான் வெளிய படுத்துக்கிட்டு, என்னப்பா அப்படிப் பேசுறாங்கன்னு கேட்டுட்டே இருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்பவும் நீங்கதான் ஜெயிச்சீங்க. கடைசியில அவ கையப் பிடிச்சுட்டு இருந்தீங்கள்ல. குடுத்து வச்சவர் நீங்க."

அவர் தரையைப் பார்த்தார். இரண்டு கோப்பை டீயும் ஆடை கட்டிப்போயிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷமாக அவர் கேட்டது அப்படியே அவர் கைக்கு வந்துவிடும். அவளும் நம்பிவிடுவாள். வயிறெரிந்துகொண்டே நம்புவாள். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல" என்றார். "நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டா. மேல போனதும் வரேன்னேன். வந்து நிறுத்தி... மட்டம் பாத்து... டீ போட்டு..."

"அப்ப பக்கத்துல யாருமே இல்லையா?"

வால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்வையைத் தரையில் கிடந்த ரசமட்டத்துக்குத் திருப்பினாள். வெளியே காற்று அடித்து, கூரை மேல் இலைகள் உருண்டன.

"உன்னைத்தான் முதல்ல கேட்டா" என்றார். "வால் எங்கன்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பிறகு, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தார்.

"நீங்க பின்னாடி போய் அவகூட உக்காருங்க. வளைவுல உருண்டுடுவா. கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

இரண்டு பேருமாகச் சேர்ந்து துவைத்த விரிப்பைப் போட்டார்கள். காய்ந்த சூடு அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது. வால் இறங்கிப் போய்க் கட்டைகளை உருவினாள். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு கிளம்பியது. நன்றாகத்தான் ஓட்டினாள். அவரைவிட நன்றாக.

கட்டிலோரத்தில் அவர் ஒரு காலை அலமாரிக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, மனைவியின் தோளை அணைத்துப் பிடித்திருந்தார். முதல் வளைவில் அவள் அவர் மேல் சாய்ந்தாள். இரண்டாவதில் தலை தலையணையிலிருந்து நழுவியது. அதைத் தாங்கிப் பிடிக்கக் குனிந்தவர், அவள் பக்கத்திலேயே சரிந்து படுத்துவிட்டார். ஓடுகிற வண்டியில் அந்தக் கட்டிலில் அவர் படுத்தது அதுதான் முதல் தடவை.

படுத்த வாக்கில் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் தலைக்குப் பின்னால் இருந்தது. மரம் தெரியவில்லை, மலை தெரியவில்லை, வானம்கூடத் தெரியவில்லை.

"வால்" என்று கூப்பிட்டார். அந்தப் பெயரால் அவளை அவர் கூப்பிட்டதே கிடையாது. "தலகாணிய ஏன் இந்தப் பக்கம் போட்டீங்க? அந்தப் பக்கம் படுத்தா ஜன்னல் நேரா இருக்குமே."

"அப்படித்தான் போட்டிருந்தேன். கிளம்பின அன்னைக்கே மாத்தச் சொல்லிட்டா. மலையே தெரியாதேக்கான்னேன். பரவால்லடின்னா."

அவர் மறுபடியும் தலையணையில் தலையை வைத்தார். மனைவியின் தலைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் குறுகலான நடைவழி தெரிந்தது. அதன் முடிவில், இத்தனை நாள் அவர் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர் இருக்கையும், அதில் உட்கார்ந்திருப்பவளின் காதுகள் இரண்டும், பிடரியும் தெரிந்தன. வேறு ஒன்றும் தெரியவில்லை.

வண்டி அடுத்த வளைவில் திரும்பியது. ஒரு கையால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை மெதுவாக மேலே போய், தன்னுடைய பிடரியைத் தடவிப் பார்த்தது.